எல்லைச் சாவடியில் நிற்காத பாட்டு



கம்பனும் பாரதியும் பேசப்பட்ட மேடையில் திரைப்பாட்டைப் பேசுவது தகுமா என்ற ஐயம் அவையில் சிலருக்கு எழக்கூடும். அதற்கான விடை ஒசூரை அடுத்த தொரப்பள்ளியிலேயே இருக்கின்றது. 1878 டிசம்பர் 10-ஆம் நாள் இச்சிற்றூரில் பிறந்த இராஜாஜி, சினிமாவின் மீது நல்லெண்ணம் கொண்டவர் அல்லர் என்பது நாடறிந்த செய்தி. அவர் 1972 டிசம்பரில் மறைந்தார். இரண்டே ஆண்டுகளில், மதுவின் கொடுமையைச் சொல்லும் அவருடைய ‘திக்கற்ற பார்வதி’ சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கத்தில் திரைப்படமாயிற்று. படப்பிடிப்பு நடந்த இடம் எது? தொரப்பள்ளியேதான்! வாழ்நாளெல்லாம் சினிமாவை வாசற்படியில் நிறுத்தி வைத்தவரின் பிறந்த ஊருக்குள், அவர் கண்மூடியதும் காமிரா நுழைந்துவிட்டது. வீணை சிட்டிபாபு இசையமைத்த அப்படம் 1974-ஆம் ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதையும் பெற்றது. மூதறிஞர் இருந்திருந்தால் விருதை ஏற்றிருப்பாரா, மறுத்திருப்பாரா என்பதைப் பட்டிமன்றத்துக்கு விட்டுவிடலாம்.

இந்த எல்லைப் பகுதிக்கும் பேசும்படத்துக்கும் உள்ள உறவு, முதற் படத்திலேயே தொடங்கிவிட்டது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். 1931 அக்டோபர் 31-இல் வெளிவந்த ‘காளிதாஸ்’ படத்தில் கதாநாயகி டி.பி.ராஜலட்சுமி தமிழில் பேசினார். கதாநாயகனோ தெலுங்கில் விடையிறுத்தார். சென்னை இரசிகர்களுக்கு அது புதுமையாக இருந்திருக்கலாம். ஒசூர்ச் சந்தையில் தமிழில் விலை கேட்டுத் தெலுங்கில் பேரம் பேசிக் கன்னடத்தில் சில்லறை வாங்குகின்றவருக்கு அதில் என்ன புதுமை? அப்படத்தை இவ்வூரில் எடுத்திருந்தால் அதனை ‘யதார்த்தப் படம்’ என்று விமர்சகர்கள் போற்றியிருப்பார்கள்.

அடுத்து வந்தது பாட்டு வெள்ளம். பாட்டுகளுக்கு நடுவே கதை ஒதுங்கி நின்று மூச்சு விட்டுக்கொண்ட காலம் அது. எம்.கே.தியாகராஜ பாகவதரின் ‘ஹரிதாஸ்’ 1944 தீபாவளிக்கு வெளிவந்து, சென்னை பிராட்வே அரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அன்றும் ஒரு பெரியவர் திண்ணையில் அமர்ந்து, “கச்சேரி மேடையைக் கொட்டகைக்குக் கொண்டுபோய்க் கெடுத்துவிட்டார்களே” என்று வருந்தியிருப்பார். இந்தப் பெரியவர் இறப்பற்றவர். ஒவ்வொரு பத்தாண்டிலும் அவர் அதே திண்ணையில் அமர்ந்திருப்பார். குறைகூறும் பாட்டு மட்டும் மாறும்.

1952-இல் அவருக்கு அமைச்சர் பதவியே கிடைத்துவிட்டது எனலாம். அவ்வாண்டு மத்திய செய்தி ஒலிபரப்புத் துறையின் பொறுப்பேற்ற பி.வி.கேஸ்கர், அகில இந்திய வானொலியில் திரைப்பாட்டின் இடத்தைப் பெரிதும் சுருக்கினார். மக்கள் செவ்வியல் இசைக்குத் திரும்பினார்களா? வானொலிப் பெட்டியின் திருகைச் சற்றே திருப்பினார்கள். இலங்கை வானொலி கிடைத்தது! கடல் கடந்து வந்த பாட்டுக்குச் சுங்கம் விதிக்க வழி தெரியாத அரசு, 1957-இல் விவித்பாரதியைத் தொடங்கியது. அணை கட்டினால் ஆறு பக்கத்து ஊர் வழியாக வந்துவிடும் என்பதைத் தில்லி ஐந்தாண்டுகளில் கற்றுக்கொண்டது.

எல்லைப்புறத்து இரசிகர் எதிர்கொண்ட பெருங்குழப்பம் 1960-களுக்கு உரியது. பி.பி.ஸ்ரீனிவாஸின் மென்குரல், ஒசூர்க் கொட்டகையில் ஜெமினி கணேசனின் வாயிலிருந்து வந்தது. பெங்களூர்க் கொட்டகைக்குப் போனால் அதே குரல் ராஜ்குமாரின் வாயிலிருந்து வந்தது. காக்கிநாடாவில் பிறந்த தெலுங்கர் ஒருவர், இரு மொழிகளின் காதலையும் ஒரே தொண்டையில் சுமந்தார். அவர் கவிஞரும்கூட, பல மொழிகளில் எழுதியவர். சட்டைப் பையில் பல நிறப் பேனாக்களைச் செருகிக்கொண்டு, தலையில் தொப்பியோடு அவர் அமர்ந்திருக்கும் காட்சி சென்னைவாசிகளுக்குப் பழக்கமானது. இவ்வட்டத்துக் கவிஞர்கள் ஒரு பேனாவோடு படும் பாட்டை எண்ணினால், அவர்மீது பொறாமை எழுவது இயல்பே.

பண்டமாற்று அத்தோடு நிற்கவில்லை. கன்னடத் திரையின் தலைமகன் ராஜ்குமார் பிறந்த கஜனூர், இன்றைய தமிழ்நாட்டின் தாளவாடிப் பகுதியில் உள்ளது. தமிழ்த் திரையின் ரஜினிகாந்த் பிறந்தது பெங்களூரில். குடும்பத்தின் பூர்வீகமோ கிருஷ்ணகிரி மாவட்டத்து நாச்சிக்குப்பம். மாநில எல்லையை வகுத்தவர்கள் நிலத்தை அளந்தார்களேயன்றி நட்சத்திரங்களை அளக்க மறந்துவிட்டார்கள்!

1965-இல் இந்தி எதிர்ப்புப் போர் தமிழகத்தை உலுக்கியது. நான்கே ஆண்டுகள் கழித்து ‘ஆராதனா’ வந்தது. ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாமல் இளைஞர்கள் அதன் பாட்டுகளை முணுமுணுத்தார்கள். திண்ணைப் பெரியவர் தலையில் அடித்துக்கொண்டார். இதற்கிடையே ஈழத்தில் பொப்பிசை பிறந்தது. அதன் பாடகர் ஏ.ஈ.மனோகரன் ‘சுராங்கனி’யோடு தமிழகம் வந்தார். தமிழ்ப் படவுலகம் அவரை எப்படி வரவேற்றது? வில்லன் வேடம் கொடுத்து அடிவாங்க வைத்தது. விருந்தோம்பலில் இதுவும் ஒரு வகை போலும்.

1976-இல் ‘அன்னக்கிளி’. தமிழ்நாட்டுக் கிராமத்தின் ஓசையைத் திரைக்குக் கொண்டுவந்தவர் என்று போற்றப்படும் இளையராஜா, அதற்கு முன் கன்னடப் படங்களின் இசையமைப்பாளர் ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்து தொழில் பயின்றவர். பண்ணைப்புரத்து மண்வாசனைக்குப் பயிற்சிக்களமாகக் கன்னடப் படமும் இருந்தது என்பதை எல்லைப்புறத்தார் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம்.

1980-களில் ஒசூரில் ஆலைகள் பெருகின. தேநீர்க்கடைக்குக் காசெட் வந்தது. டைட்டன் ஆலையின் கைக்கடிகாரத்தோடு மோட்சார்ட்டும் வந்தார்! 1773-இல், தம் 17-ஆம் வயதில், அவர் படைத்த 25-ஆம் சிம்பொனியின் ஒரு துணுக்கு அக்கடிகாரத்தின் விளம்பர இசையாயிற்று. அதனைச் சீட்டியடித்தவர்கள் பலர். ஆக்கியவர் பெயரை அறிந்தவர் சிலர். சால்ஸ்பர்க் நகரத்து இளைஞர் ஒருவர் இருநூறு ஆண்டுகள் கழித்துச் சிப்காட் ஷிப்டுக்கு மணியடிப்பார் என்று யார் கண்டார்?

சிரிப்பு நின்றுபோன நாட்களும் உண்டு. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணையைத் தொடர்ந்து, 1991 டிசம்பரில் பெங்களூரில் தமிழர்கள் தாக்கப்பட்டனர். வீடிழந்தோர் எல்லை கடந்து தமிழகத்துக்கு வந்தனர். அந்நாட்களில் அங்கே தமிழ்ப்பாட்டை முணுமுணுப்பதற்கும் துணிவு வேண்டியிருந்தது. இப்பக்கம் கன்னடம் பேசும் குடும்பங்களும் குரலைத் தாழ்த்திக்கொண்டன. இரு பக்கத்தாரும் வாய்மூடிய அந்நேரத்திலும், அவரவர் நெஞ்சுக்குள் ஓடியது ஸ்ரீனிவாஸின் அதே குரல்தான். ஒரே குரலில் காதலைக் கற்றவர்கள் ஒருவரையொருவர் கண்டு அஞ்ச நேர்ந்ததைவிடப் பெரிய அபசுரம் எதுவும் இந்த எல்லையில் ஒலித்ததில்லை.

மறு ஆண்டு, 1992-இல், ‘ரோஜா’ வந்தது. “சொல்லை ஓசை விழுங்குகின்றதே” என்றார் திண்ணைப் பெரியவர். 2011-இல் பாதிச் சொற்கள் ஆங்கிலமாய்க் ‘கொலவெறி’ வந்தபோது, அவர் ‘ரோஜா’வைப் பொற்காலம் என்றார்! அவர் இகழ்ந்த பாட்டெல்லாம் இருபது ஆண்டுகளில் அவருடைய பூர்வீகச் சொத்தாகிவிடுகின்றது.

நகைச்சுவை போகட்டும். கவிஞர்கள் எண்ண வேண்டிய செய்தி ஒன்று உண்டு. தமிழ் பேசாத வீட்டிலிருந்தும் ஆங்கிலவழிப் பள்ளியிலிருந்தும் வரும் ஒசூர்க் குழந்தை ஒன்று, தானே விரும்பி மனப்பாடம் செய்யும் தமிழ் எது? திருக்குறளைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்கின்றது; திரைப்பாட்டையோ ஆசைக்காக. அக்குழந்தைக்குத் திரைப்பாட்டே முதல் தமிழ்ப் புத்தகம். அப்புத்தகத்தில் எழுத மாட்டேன் என்று கவிஞர் ஒதுங்கினால் பக்கம் வெறுமையாக இராது, வேறெவரோ நிரப்புவார். 29 வயதில் மறைந்த பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரமும், கண்ணதாசனும் ஒதுங்கவில்லை. ஆகவேதான் ஏடறியாதவர் வாயிலும் நல்ல தமிழ் சில காலம் குடியிருந்தது.

இறுதியாக, மீண்டும் தொரப்பள்ளி. இராஜாஜியின் ‘சக்கரவர்த்தித் திருமகன்’ 1958-இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. அதனைப் படியாதவர் வீடுகளிலும் இன்று வைகறையில் அவர் எழுதிய ‘குறை ஒன்றும் இல்லை’ ஒலிக்கின்றது. அதனைப் பாடியவர் எம்.எஸ்.சுப்புலட்சுமி. ‘சகுந்தலை’யிலும் ‘மீரா’விலும் நடித்த அதே எம்.எஸ்.! சினிமாவை விரும்பாத பெரியவரின் சொல்லை, முன்னாள் சினிமா நாயகி ஒருவரின் குரல்தான் வீடுதோறும் கொண்டு சேர்த்தது.

ஜூஜூவாடிச் சாவடியில் லாரிகள் வரிசையில் நின்ற காலத்திலும் பாட்டு நின்றதில்லை. சீட்டுக் கேட்க ஆளில்லாத அந்தப் பயணிக்கு வழித்துணையாக நல்ல சொல் நாலு கட்டிக்கொடுப்பது கவிஞர் கடன். வட்டத்தின் அடுத்த பத்தாண்டு அப்பணிக்கு உரியதாகட்டும்.