வயிற்றைத் திறக்காமலே
(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



இந்த மண்டபத்துக்குப் பின்னாலுள்ள ஆய்வுகூடத்தில்தான் நாங்கள் இருவரும் முதன்முதலில் ஒரு வயிற்றைத் திறந்து பார்த்தோம். எலியின் வயிறு. மெழுகுத் தட்டில் குண்டூசி குத்தி, களம், இரைப்பை, முன்சிறுகுடல் என்று பெயர் குறித்துப் படம் கீறினோம். உள்ளே பார்க்கவேண்டுமென்றால் வெட்டத்தான் வேண்டும் என்று அன்று நினைத்திருந்தோம். பிறகு எங்களில் ஒருவர் பொது வைத்தியத்துக்கும் மற்றவர் சத்திரசிகிச்சைக்கும் போனோம். கத்தி பிடித்தவருக்கு வேலை குறைந்த கதையைத்தான் இன்று சேர்ந்து சொல்ல வந்திருக்கிறோம்.

1957இல் அமெரிக்காவின் மிச்சிகனில் பசில் ஹேர்ஷோவிற்ஸ் என்ற வைத்தியர், கண்ணாடி நார்களாலான வளையக்கூடிய குழாயொன்றை முதலில் தம்முடைய தொண்டைக்குள்ளேயே விட்டுப் பார்த்தார். இன்று நார்க் கட்டுக்குப் பதில் குழாயின் நுனியிலேயே சின்னக் கமரா இருக்கிறது. நம் ஊரில் ‘கமரா விட்டுப் பார்க்கிறது’ என்பது இதைத்தான்.

அல்சரை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் அம்மாமார் காலத்தில் அதற்குக் காரணம் உறைப்பும் கவலையும் என்றார்கள். மருந்தில் அடங்காவிட்டால் இரைப்பையில் ஒரு பகுதியை வெட்டி எடுப்பார்கள், அல்லது அமிலத்தைத் தூண்டும் நரம்பை அறுப்பார்கள். 1984இல் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் பரி மார்ஷல் என்ற வைத்தியர், இரைப்பையில் வாழும் ஒரு பக்ரீரியாவைத் தாமே குடித்து, சில நாட்களில் இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். அவருக்கும் ரொபின் வொரனுக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று அந்தக் கிருமி இருக்கிறதா என்பதை மூச்சுப் பரிசோதனையிலோ மலப் பரிசோதனையிலோ கண்டுபிடிக்கலாம். இருந்தால் அமிலம் குறைக்கும் மருந்தோடு நுண்ணுயிர் எதிர்ப்பிகளைப் பெரும்பாலும் 14 நாட்கள் கொடுப்போம். நான்காம் நாள் நோவு நின்றதும் குளிசையை நிறுத்தாதீர்கள்.

இன்னொரு காரணம் நம் வயதுக்காரருக்கு நெருக்கமானது. முழங்கால் நோவுக்குப் பார்மசியில் வாங்கி விழுங்கும் டைக்குளோபெனக், இபுபுரூபன் போன்ற குளிசைகள் சத்தமில்லாமல் இரைப்பையைப் புண்ணாக்கும். மலம் தார்போலக் கறுத்து, ஒட்டும் தன்மையோடு நாறினால் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். (இரும்புச்சத்துக் குளிசையாலும் கறுக்கும். அதற்காகப் பதற வேண்டாம். ஆனால் நீங்களாகவே முடிவு கட்டவும் வேண்டாம்.) கசியும் புண்ணைக் கமராக் குழாய் வழியாகவே ஊசி போட்டோ, சிறு கிளிப் மாட்டியோ, சுட்டோ நிறுத்தலாம்.

பித்தக் கற்களைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். பித்தக்கானில் இறுகிய கல்லை வாய்வழியே குழாய் விட்டு எடுக்கலாம். பித்தப்பைக்குள் இருந்து நோவு தரும் கல்லுக்கு இன்னமும் சத்திரசிகிச்சைதான். அதில் எங்களில் ஒருவருக்கு வேலை மிச்சம்.

இனிச் சொல்லப்போவது எளிதானதல்ல. எங்கள் வகுப்புத் தோழி ஒருவர், சில ஆண்டுகளுக்கு முந்திய ஒன்றுகூடலில், தேநீர்க் கோப்பையோடு நின்று, “கொஞ்ச நாளாய் ரத்தம் போகுதடி” என்று மெதுவாய்ச் சொன்னார். “மூலமாய் இருக்கும், நிறையத் தண்ணி குடி” என்று பதில் சொன்னது நாங்கள்தான். இரண்டு வைத்தியர்கள்! பக்கத்தில் அதிபர் நின்றார், எங்களுக்கும் கூச்சம். அவரும் திரும்பக் கேட்கவில்லை. பதினான்கு மாதங்கள் கழித்துக் கமரா விட்டபோது பெருங்குடலில் இருந்தது புற்றுநோய். குடலில் ஒரு பகுதி போய்விட்டது, அவர் இன்று வயிற்றில் பையோடு வாழ்கிறார். “சொல்லுங்கோ, பேரை மட்டும் விடுங்கோ” என்று அவரே அனுமதி தந்ததால் சொல்கிறோம்.

பெருங்குடற் புற்றுநோய் பெரும்பாலும் ‘பொலிப்’ எனும் சிறு தசை முளையாகவே தொடங்குகிறது. அது புற்றுநோயாக மாறப் பல ஆண்டுகள் எடுக்கும். அதற்குள் கண்டால் கம்பிச் சுருக்குப் போட்டு, குழாய் வழியாகவே அறுத்து எடுத்துவிடலாம். 1969இலேயே நியூயோர்க்கில் ஷின்யாவும் வூல்ஃபும் இதைத் தொடங்கிவிட்டார்கள். குடலின் உட்சவ்வுக்கு வெட்டும் நோவு தெரியாது.

பயங்களுக்கும் பதில் சொல்லவேண்டும். சோதனைக்குச் சிறு துண்டு எடுத்தால் புற்றுநோய் பரவிவிடும் என்பது வெறும் பேச்சு. இரைப்பைக் கமராவுக்கு ஆறு மணி நேரம் சாப்பிடாமல் இருக்கவேண்டும். தொண்டை மரக்க மருந்து அடிப்பார்கள். ஓங்காளம் வரும், ஆனால் மூச்சு அடைக்காது. சில நிமிடங்களில் முடிந்துவிடும். பெருங்குடலுக்கோ, உண்மையைச் சொன்னால், சோதனையைவிட முதல்நாள் குடிக்கும் பேதி மருந்துதான் பெரும்பாடு. மயக்க ஊசி போட்டால் வீட்டுக்குக் கூட்டிப்போக ஒருவர் வேண்டும். இரத்தக் கசிவோ குடலில் துளையோ ஏற்படுவது மிக அரிது, ஆனால் இல்லவே இல்லையென்று சொல்லமாட்டோம்.

இங்கிலாந்தில் இருக்கும் சகோதரிகளே, 50 முதல் 74 வயது வரை இரண்டு ஆண்டுக்கொருமுறை மலப் பரிசோதனைப் பெட்டி தபாலில் வீடு தேடி வருகிறது. அது பிரிக்கப்படாமல் எத்தனை அலுமாரிகளில் கிடக்கிறதென்று எங்களுக்குத் தெரியும். வீட்டுக்குப் போய் முதலில் அதைப் பிரியுங்கள். இங்கே இருக்கும் நாம் நாமாகவே போய்க் கேட்கவேண்டும்: இரத்தம் போனால், மலம் கழிக்கும் வழக்கம் சில வாரங்கள் மாறியிருந்தால், காரணமின்றி மெலிந்தால், விழுங்கக் கடினமாயிருந்தால், மாதவிடாய் நின்றபின்னும் இரத்தச்சோகை இருந்தால்.

தேநீருக்குப் பிறகு நாங்கள் இருவரும் அந்த ஆய்வுகூடத்தில் இருப்போம். கதவைச் சாத்திவைப்போம். ஒவ்வொருவராக வாருங்கள். இம்முறை முழுவதையும் கேட்போம்.