பெருக்கியவர் மேல் விழுந்த பழி

இணையக் குழுமங்களில் உறுப்பினர்கள் எழுதுவதைக் கண்காணித்து, விதியை மீறிய பதிவுகளை நீக்குவதும், தேவைப்பட்டால் எழுதியவரையே விலக்கி வைப்பதும் மட்டுறுத்தல் எனப்படுகிறது. தமிழ் வலைப்பதிவர்களிடையே பரவலாகிய இச்சொல் குறிக்கும் பணி இன்று வெகு இயல்பாகத் தோன்றினாலும், 1990-களின் நடுவே அமெரிக்காவில் அதைச் செய்ததற்காகவே ஒரு நிறுவனம் வழக்கில் சிக்கிக்கொண்டது.

அதற்கு முன்பு, 1991-இல் கம்ப்யூசர்வ் என்ற இணையச் சேவை மீது தொடரப்பட்ட அவதூறு வழக்கில், தன் வழியே வெளியானதை அந்நிறுவனம் முன்கூட்டிப் படித்துப் பார்க்கவில்லை என்பதால் அது புத்தகக் கடைக்காரரைப் போன்றதே என்று நியூயார்க் கூட்டரசு நீதிமன்றம் அதனை விடுவித்தது.

ஐபிஎம்மும் சியர்ஸும் சேர்ந்து நடத்திய புரோடிஜி இதற்கு நேர்மாறானது. குடும்பங்களுக்கு ஏற்ற சேவை எனத் தன்னை விளம்பரப்படுத்திக்கொண்ட அந்நிறுவனம், வசைச்சொற்களை வடிகட்ட ஒரு மென்பொருளையும், பதிவுகளை நீக்கும் அதிகாரம் பெற்ற பலகைத் தலைவர்களையும் வைத்திருந்தது. ஆயினும் நாளொன்றுக்கு வந்து குவிந்த ஏறத்தாழ 60,000 பதிவுகளையும் படித்துப் பார்ப்பது இயலாத காரியம். 1994 அக்டோபரில் அதன் 'மனி டாக்' பகுதியில் பெயர் தெரியாத ஒருவர், ஸ்ட்ராட்டன் ஓக்மாண்ட் என்ற பங்குத் தரகு நிறுவனம் மோசடி செய்வதாக எழுத, அந்நிறுவனம் 20 கோடி டாலர் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுத்தது. மென்பொருளும் பலகைத் தலைவர்களும் இருப்பதாலேயே புரோடிஜி பத்திரிகை ஆசிரியருக்கு நிகரானது, ஆகவே வெளியானவற்றுக்குப் பொறுப்பேற்க வேண்டும் என 1995 மே மாதத்தில் நீதிபதி ஸ்டூவர்ட் அயின் தீர்ப்பளித்தார். தன் வாசலைப் பெருக்கியவர் தலையில் தெருக்குப்பை முழுவதையும் கொட்டியதற்கு ஒப்பான தீர்ப்பு இது. வழக்குத் தொடுத்த நிறுவனமோ மறு ஆண்டே பங்குத் தரகர் சங்கத்திலிருந்து வெளியேற்றப்பட்டது. அதன் நிறுவனர் ஜோர்டன் பெல்ஃபோர்ட் பின்னர் மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

கண்ணை மூடிக்கொண்டவருக்கு விடுதலை, கண் திறந்தவருக்குப் பழி என்ற இந்த நிலையை மாற்ற, எதிரெதிர்க் கட்சிகளைச் சேர்ந்த அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களான கிறிஸ் காக்ஸும் ரான் வைடனும் முன்மொழிந்ததே, 1996 பிப்ரவரியில் நிறைவேறிய தொலைத்தொடர்புச் சட்டத்தின் வழியே வந்த 230-ஆம் பிரிவு. பிறர் எழுதியதற்குத் தளத்தைப் பதிப்பாளராகக் கருதலாகாது என்பது அதன் ஒரு பகுதி. நல்லெண்ணத்துடன் பதிவுகளை நீக்கியதற்காகவும் தளத்தின் மீது பொறுப்புச் சுமத்தலாகாது என்பது மட்டுறுத்தலுக்கே உரிய மறு பகுதி. அதே சட்டத்தில் இணைய ஆபாசத்தைத் தடுக்கச் சேர்க்கப்பட்ட முக்கிய விதிகள் செல்லாதவை என உச்ச நீதிமன்றம் 1997-இல் தீர்ப்பளித்த பின்பும் இப்பிரிவு நிலைத்தது.

இதனோடு ஒப்பிட்டால், இந்தியத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ஆம் பிரிவு தளங்களுக்கு நிபந்தனையோடு கூடிய பாதுகாப்பையே அளிக்கிறது. சட்டவிரோதமான பதிவைப் பற்றி அறிந்ததும் நீக்க வேண்டும் என்னும் அந்த நிபந்தனையில் 'அறிதல்' என்பது எதைக் குறிக்கும் என்ற கேள்வி 2015-இல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் எழுந்தபோது, தனிநபரின் புகார் மட்டும் போதாது, நீதிமன்ற ஆணையோ அரசின் அறிவிக்கையோ வந்து சேர வேண்டும் என இந்திய உச்ச நீதிமன்றம் விளக்கமளித்தது.