வில்லங்கத்தில் வராத வில்லங்கம்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடுகையில் ஆற்றிய உரை)



சங்கச் செயலாளர் அண்ணன் போன் செய்து, "வீடு, மனை வாங்குவதில் இருக்கும் சட்ட விஷயங்களைப் பற்றி இருபது நிமிஷம் பேசுப்பா" என்றார். "அண்ணே, நான் சிவில் இன்ஜினியர். கான்கிரீட்டைப் பற்றிக் கேட்டால் சொல்கிறேன். சட்டத்தை வக்கீல் அல்லவா பேச வேண்டும்?" என்றேன். "வக்கீல் படிச்சதைச் சொல்வார். நீ பட்டதைச் சொல்லு" என்றார். ஆகவே பட்டதைச் சொல்கிறேன்.

நான் பட்ட இடம் பொம்மையார்பாளையம். பாண்டிச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே வந்தால், கோட்டக்குப்பத்தைத் தாண்டி வரும் கடலோர ஊர். பாண்டிச்சேரிக்குப் பக்கம்தான் என்றாலும் விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டம், தமிழ்நாட்டுச் சட்டம்தான். அப்பா ஓய்வு பெற்றதும் கடல் காற்றில் இருக்கட்டும் என்று அங்கே ஐந்து சென்ட் மனை தேடினேன்.

முதலில் பார்த்தது சாலைக்குக் கிழக்கே. பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் சுத்தம். புரோக்கர், "சார், மாடியில் நின்றால் அலை தெரியும்" என்றார். அங்கே வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் தண்ணீருக்குள் ஓர் இடத்தைக் கை காட்டி, "தம்பி, நான் சின்னப் புள்ளையா இருந்தப்போ கரை அங்க இருந்துச்சு" என்றார். எனக்குச் சுருக்கென்றது. இந்தக் கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1980-களின் பிற்பகுதியில் பாண்டிச்சேரி துறைமுகத்துக்கு அலைத் தடுப்புச் சுவர்கள் கட்டியபின் அந்த மணல் தடைபட்டு, வடக்கே உள்ள ஊர்களைக் கடல் அரிக்கத் தொடங்கியது.

கடலோர ஒழுங்குமுறை மண்டல விதி 1991-இல் வந்தது. 2011-லும் 2019-லும் புதிய அறிவிப்புகள் வந்தன. 2011 அறிவிப்புப்படி கிராமப் பகுதியில் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை புது வீட்டுக்குப் பொதுவாக அனுமதி இல்லை; மீனவர் குடியிருப்புகளுக்கு மட்டும் சில சலுகை உண்டு. 2019 அறிவிப்பு, சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வசிக்கும் கிராமங்களுக்கு இதை 50 மீட்டராகக் குறைத்தது. ஆனால் அதற்கேற்ற வரைபடம் அனுமதி பெற்ற பிறகே அந்தச் சலுகை செல்லும். நான் டேப் பிடித்துப் பார்த்தபோது மனையிலிருந்து தண்ணீர் 150 மீட்டர்கூட இல்லை. பத்திரம் பதிவாகும், வீடு எழும்பாது. கும்பிடு போட்டுவிட்டு வந்தேன்.

இரண்டாவது மனை சாலைக்கு மேற்கே. காலமான ஒரு பெரியவர் தன் சம்பாத்தியத்தில் வாங்கியது. மனைவியும் உயிரோடு இல்லை. விற்பவர்கள் அண்ணன் தம்பி இருவர். பட்டாவும் அவர்கள் பேரில் மாறியிருந்தது. முப்பது வருட வில்லங்கம் பார்த்தேன், ஒன்றுமில்லை. அம்மா வளையலை விற்று இரண்டு லட்சம் அட்வான்ஸ் கொடுத்தேன். மறுவாரம் டீக்கடையில் ஒருவர், "அவருக்கு ஒரு பொண்ணு உண்டே, திண்டிவனத்துல கட்டிக் கொடுத்தாங்க. அது கையெழுத்துப் போட்டுருச்சா?" என்று கேட்டார்.

தம்பியிடம் கேட்டேன். "அக்காவுக்குக் கல்யாணத்துலயே பதினஞ்சு பவுன் போட்டாச்சு சார்" என்றார். புரோக்கர், "அந்தம்மா கேஸுக்கெல்லாம் வராது, முடிங்க" என்றார். உண்மையைச் சொல்கிறேன், ஒரு ராத்திரி முழுக்க 'முடித்துவிடலாமா' என்றுதான் யோசித்தேன். வளையல் கண்ணில் நின்றது. காலையில் வக்கீலிடம் போனேன். அவர் சொன்னதையும், பிறகு நான் தெரிந்துகொண்டதையும், நண்பர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளாகவே தருகிறேன்.

1. கல்யாணத்தில் சீர் செய்தால் பெண்ணின் பங்கு தீர்ந்ததா?

இல்லை. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாமல் இறந்த தந்தையின் சுய சம்பாத்தியத்தில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. இது 1956-லிருந்தே சட்டம். பலர் நினைப்பதுபோல் 2005-இல் வந்ததல்ல. 1989-லும் 2005-லும் வந்தவை பூர்வீகச் சொத்து பற்றிய திருத்தங்கள். அண்ணன் தம்பி மட்டும் விற்றால் அவர்கள் பங்குதான் நமக்கு வரும். வாரிசுச் சான்று வாங்கிப் பெயர்களை எண்ணுங்கள்.

2. வில்லங்கச் சான்று சுத்தமாக இருந்தால் போதாதா?

பதிவான பத்திரங்களைத்தான் அது காட்டும். யார் யார் வாரிசு, பதிவாகாத உயில், கோர்ட்டில் நிற்கும் வழக்கு இவையெல்லாம் அதில் வராது. பதிவான உயில்கூடத் தனிப் புத்தகத்தில் ஏறுவதால் அதில் தெரியாது.

3. பட்டா இருக்கிறதே?

பட்டா வருவாய்த்துறைக் கணக்கு. அதுவே உரிமை மூலம் ஆகாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியாயிற்று. தாய்ப் பத்திரத்திலிருந்து தொடர்ச்சி வேண்டும்.

4. பதிவு செய்தபிறகு அரசாங்கமே பொறுப்புதானே?

இல்லை. பதிவாவது பத்திரம், உரிமைக்கு உத்தரவாதம் இல்லை. விற்பவருக்கு உரிமை உண்டா என்று தீர்மானிப்பது சார்பதிவாளர் வேலையல்ல என்று, தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே 2025-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

5. பவர் பத்திரத்தில் வாங்கலாமா?

பவரே கிரயம் ஆகாது என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. பவர் ஏஜென்ட் எழுதிக் கொடுக்கும் கிரயப் பத்திரம் செல்லும். ஆனால் பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, ரத்து செய்தாரா என்று பாருங்கள்.

6. 'பஞ்சாயத்து அப்ரூவல்' மனை வாங்கலாமா?

மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்புத் துறை அனுமதி வேண்டும். தலைவர் கையெழுத்து மட்டும் போதாது. 2016-இல் உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைப் பதிவுக்குத் தடை போட்டது. 2017-இல் வரன்முறை விதிகள் வந்தன. பழைய மனை என்றால் அந்த வரன்முறை ஆணையைக் கேளுங்கள்.

7. பேங்க் லோன் கொடுத்துவிட்டதே?

பேங்க் தன் பணத்துக்குப் பார்க்கிறது. நம் வக்கீல் நமக்குப் பார்க்க வேண்டும். செலவுக் கணக்கில் முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் சேர்த்துக்கொள்ளுங்கள். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் 1 சதவீத வரியைப் பிடித்துக் கட்டுவதும் வாங்குபவர் பொறுப்பு.

நம் லேபில் படித்ததுதான். கியூப் டெஸ்ட் கான்கிரீட்டின் பலத்தைச் சொல்லும். அடியில் இருக்கும் மண்ணைச் சொல்லாது. ஒவ்வொரு காகிதமும் அப்படித்தான். ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும். மீதியை ஊருக்குள் போய்க் கேட்க வேண்டும்.

கடைசியில் பெரியவரின் மூத்த மகனைக் கூட்டிக்கொண்டு திண்டிவனம் போனேன். சண்டை வரும் என்று பயந்தேன். அந்த அம்மா காபி கொடுத்துவிட்டு, "பணம் பெருசில்ல தம்பி. அப்பா இடத்தை விக்கிறோம்னு ஒரு வார்த்தை என்கிட்ட யாரும் சொல்லலையே" என்றார். அண்ணன் தலை குனிந்திருந்தார். ஒரு மாதம் பேச்சுவார்த்தை. மூவரும் கையெழுத்திட்டார்கள், மூன்று டி.டி. கொடுத்தேன். என் செலவு ஒரு பைசா கூடவில்லை, நாள்தான் கூடியது.

இன்று அந்த வீட்டில் அப்பாவும் அம்மாவும் இருக்கிறார்கள். புதுமனை புகுவிழாவுக்கு அந்த அம்மா வந்து குத்துவிளக்கில் ஒரு திரி ஏற்றினார். நீங்களும் வாங்கும்போது, கையெழுத்துப் போட வேண்டியவர் யாராவது பாக்கி இருக்கிறாரா என்று ஒரு முறை கேளுங்கள். நாளை நீங்கள் விற்கும்போது, உங்கள் அக்கா தங்கையிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.