விஷத்துக்கு மருந்துன்னு பேரு

நான் டாக்டர் இல்லை, பேங்க் குமாஸ்தா. எங்க சித்தப்பா பருத்திக்கு மருந்தடிச்சிட்டு வரப்பிலேயே விழுந்தார். வாயில் நுரை, உடம்பெல்லாம் வேர்வை, வேட்டியில் மூத்திரம். ஆஸ்பத்திரியில், ‘சேரி ஆளு, குடிச்சிருப்பான்’ என்று வராண்டாவில் கிடத்தினார்கள்.

ஒரு மணி நேரம் கழித்து டூட்டி மாறி வந்த டாக்டரம்மாதான் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார். கண்பாப்பா கடுகைவிடச் சிறுத்திருந்தது. ரத்தச் சோதனைக்குக் காத்திருக்கவில்லை. ஆக்சிஜன் வைத்து அட்ரோபின் ஏற்றினார். ஐந்து நிமிஷத்துக்கொரு தரம் அளவை இரட்டித்து, நெஞ்சில் கட்டிய நீர் வற்றும்வரை விடவில்லை. சித்தப்பா பிழைத்தார்.

2013இல் பீகாரில் பள்ளி மதிய உணவில் கலந்து 23 பிள்ளைகளைக் கொன்றது மோனோகுரோட்டோபாஸ். அதன் 36 சதவீதக் கரைசலைத் தடைசெய்ய 2023 ஆயிற்று.

நாம காத்திருக்க முடியாது. கையில் பாலிதீன் பையாவது மாட்டிக்கொண்டு நனைந்த துணியைக் கழற்றுங்கள். சோப்புப் போட்டுக் கழுவுங்கள். உப்புத்தண்ணி, சாணித்தண்ணி ஊற்றி வாந்தியெடுக்க வைக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மருந்து டப்பாவைக் கையோடு கொண்டு போங்கள். தேறினாலும் நாலு நாள் கவனியுங்கள். தலையைத் தூக்க முடியலைன்னா அடுத்து மூச்சு நிற்கலாம்.

அங்கே போய்க் கெஞ்ச வேண்டாம். ‘கண்ணைத் திறந்து பாருங்க’ என்று சத்தமாகக் கேளுங்கள்.