கோடைப் படங்கள் ஏன் படுத்துவிட்டன?

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கலந்துகொண்ட படிப்பு வட்டத்தில் ஆற்றிய உரை)



இன்றைக்கு அமெரிக்க சினிமாவைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் பின்வரிசையில் சிலர் சிரித்தீர்கள். சிரிக்கலாம். ஆனால் சினிமாவும் ஒரு தொழில்தான். அதில் முதலாளி உண்டு, கூலிக்காரன் உண்டு, சரக்கு உண்டு, சந்தை உண்டு. சரக்கு விற்காவிட்டால் பழியை யார் தலையில் போடுவது என்ற கேள்வியும் உண்டு. அந்தப் பழியைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

2024-ம் வருஷம் மே மாதம் அமெரிக்கப் பத்திரிகைகள் ஒப்பாரி வைத்தன. கோடை வசூல் படுத்துவிட்டது. ஜனங்கள் வீட்டுத் திரைக்கே பழகிவிட்டார்கள். கொட்டகைக்கு இனி யார் வருவார்கள் என்று எழுதினார்கள். கூடவே இன்னொரு பேச்சும் கிளம்பிற்று: எல்லாம் அந்த வேலை நிறுத்தத்தால் வந்த வினை! இரண்டையும் நாம் விசாரிக்க வேண்டும்.

முதலில் அங்கே கோடை என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். மே மாதம் முதல் வெள்ளிக்கிழமை தொடங்கி செப்டம்பர் முதல் திங்கட்கிழமை வரும் 'தொழிலாளர் தினம்' வரைக்கும் சினிமாக்காரர் கணக்கில் கோடை. (மே தினம் பிறந்த சிக்காகோ அமெரிக்காவில்தான் இருக்கிறது. ஆனால் அந்த நாட்டு சர்க்கார் 1894-ல் தொழிலாளருக்கு விடுமுறை தந்தபோது மே மாதத்தை விட்டுவிட்டு செப்டம்பரில் தந்தது. அது தனிக் கதை.) பள்ளிக்கூடம் மூடியிருக்கும், பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். 1975 ஜூனில் 'ஜாஸ்' என்ற சுறாமீன் படத்தை டெலிவிஷனில் பெரிய விளம்பரம் செய்து, ஒரே நாளில் நானூறுக்கு மேற்பட்ட கொட்டகைகளில் வெளியிட்டார்கள். கொட்டிய பணத்தைப் பார்த்த பட முதலாளிகள் அன்றிலிருந்து கோடையைத் தங்கள் அறுவடைக் காலமாக்கிக்கொண்டார்கள். வருஷ வசூலில் பெரும்பங்கு இந்த நாலு மாதத்தில் வந்தாக வேண்டும்.

2023 கோடையில் அமெரிக்கா, கனடா இரண்டிலும் சேர்த்து வசூல் ஏறக்குறைய 409 கோடி டாலர். 2024 கோடையில் ஏறக்குறைய 367 கோடி. பத்தில் ஒரு பங்கு போயிற்று. அதிலும் மே மாதம்தான் படுமோசம். மே கடைசித் திங்கட்கிழமை, போரில் இறந்தவர்களை நினைக்கும் விடுமுறை. அந்த நாலு நாள் எப்போதும் கொட்டகை நிரம்பும். 2023-ல் அந்த நாலு நாளில் சுமார் 20 கோடி டாலர் வசூலாயிற்று. 2024-ல் 13 கோடி கூட வரவில்லை. முதலிடத்துக்கு வந்த 'ஃபியூரியோசா'வுக்கே சுமார் 3 கோடி 20 லட்சம்தான். அதைத் தயாரிக்க ஆன செலவோ 16 கோடிக்கு மேல்.

சரி, ஜனங்கள் கொட்டகையை மறந்துவிட்டார்களா? இந்த ஒப்பாரி அடங்கு முன்பே, ஜூன் 14-ம் தேதி 'இன்சைட் அவுட் 2' என்ற சித்திரப் படம் வந்தது. முதல் மூன்று நாளில் 15 கோடி டாலருக்கு மேல்! கடைசியில் அந்த இரண்டு நாட்டில் மட்டும் 65 கோடி. ஜூலை 26-ல் 'டெட்பூல் அண்ட் வுல்வரின்' வந்தது. அதுவும் 63 கோடியைத் தாண்டிற்று. மே மாதத்தில் சினிமா பார்ப்பதை மறந்த ஜனங்களுக்கு ஜூன் மாதத்தில் ஞாபகம் வந்துவிட்டதா? மே மாதத்தில் கடையில் சரக்கு இல்லை, தோழர்களே. ஜூனில் சரக்கு வந்தது, ஜனங்களும் வந்தார்கள்.

அப்படியானால் மே மாதச் சரக்கு எங்கே போயிற்று?

அந்த 'டெட்பூல்' படமே 2024 மே 3-ம் தேதி வருவதாக இருந்ததுதான். 2023 ஜூலையில் படப்பிடிப்பு பாதியில் நின்றது. 'மிஷன் இம்பாசிபிள்' வரிசையின் அடுத்த படம் 2024 ஜூனுக்கு வருவதாக இருந்தது; 2025 மே மாதத்துக்குத் தள்ளினார்கள். 'தண்டர்போல்ட்ஸ்' 2024 ஜூலையிலிருந்து 2025-க்குப் போயிற்று. முந்தின ஆடியில் நாற்று விடாதவன் தை மாதத்தில் களத்தைப் பார்த்து அழுவது போலத்தான் இதுவும்.

ஏன் நின்றது? 2023 மே 2-ம் தேதி, படத்துக்கும் டெலிவிஷனுக்கும் கதை வசனம் எழுதுகிறவர்களின் சங்கம் வேலை நிறுத்தம் செய்தது. சுமார் 11,500 பேர். ஜூலை 14-ம் தேதி நடிகர் சங்கமும் இறங்கியது. அதில் சுமார் 1,60,000 உறுப்பினர்கள். இரண்டு சங்கமும் ஒரே சமயத்தில் நின்றது 1960-க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. (1960-ல் நடிகர் சங்கத்தின் தலைவராக இருந்து வேலை நிறுத்தம் நடத்தியவர் யார் தெரியுமா? ரொனால்டு ரீகன்! பிற்பாடு ஜனாதிபதியாகி, 1981-ல் வேலை நிறுத்தம் செய்த விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு ஊழியர்களில் 11,000 பேருக்கு மேல் சீட்டுக் கிழித்த அதே ரீகன்தான்.)

நடிகர் என்றதும் மாளிகையும் மோட்டாரும் உங்கள் கண்ணில் படும். அப்படிப்பட்டவர் விரல் விட்டு எண்ணக்கூடியவர். மற்றவர்கள் கூட்டத்தில் நிற்பவர், ஒரு வரி பேசுபவர், ஒரு வேலைக்கும் இன்னொரு வேலைக்கும் நடுவே ஹோட்டலில் தட்டு எடுத்துப் பிழைப்பவர்.

அவர்கள் கேட்டது என்ன? முன்பெல்லாம் ஒரு படமோ தொடரோ டெலிவிஷனில் மறுபடி காட்டப்படும்போதெல்லாம் எழுதியவனுக்கும் நடித்தவனுக்கும் ஒரு சிறு பங்கு வரும். வேலையில்லாத மாதத்தில் அடுப்பு எரிவது அதனால்தான். படங்களை நேரே வீட்டுக்கு அனுப்பும் கம்பெனிகள் வந்த பிறகு, எத்தனை லட்சம் பேர் பார்த்தாலும் பங்கு சொற்பம். எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கையும் கம்பெனி காட்டாது. இது ஒன்று. பத்துப் பேர் உட்கார்ந்து எழுதிய இடத்தில் மூன்று நாலு பேரை வைத்து வேலையை முடிப்பது இரண்டாவது. எழுத்தாளனுக்குப் பதில் யந்திரத்தை எழுதவிட்டு, அதைத் திருத்த மட்டும் ஆளைக் கூப்பிடுவது மூன்றாவது. ஆள் குறைப்பையும் யந்திரத்தையும் பற்றிப் பஞ்சாலைத் தோழர்களுக்கு நான் விளக்க வேண்டுமா?

எழுத்தாளர் சங்கம் கணக்கையே அச்சடித்து வெளியிட்டது. தாங்கள் கேட்பது எல்லாக் கம்பெனிகளுக்கும் சேர்த்து வருஷத்துக்குச் சுமார் 43 கோடி டாலர். கம்பெனிகள் தர முன்வந்தது சுமார் 8 கோடி 60 லட்சம். இடைவெளி 34 கோடி சொச்சம். பத்துப் பதினைந்து ராட்சதக் கம்பெனிகள் பகிர்ந்துகொள்ள வேண்டிய தொகை இது! நடிகர்கள் வேலை நிறுத்தத்தை அறிவித்த அன்று, டிஸ்னி கம்பெனியின் தலைமை அதிகாரி பாப் ஐகர் தொழிலாளர் எதிர்பார்ப்பு யதார்த்தமில்லாதது என்று டெலிவிஷனில் சொன்னார். அந்த 2023-ம் வருஷத்துக்கு அவருடைய மொத்த ஊதியம் 3 கோடி 16 லட்சம் டாலர்.

மே மாதத்திலிருந்து ஆகஸ்டு வரை கம்பெனிகள் எழுத்தாளர்களுடன் பேச்சு வார்த்தைக்கே உட்காரவில்லை. வாடகை வீட்டையும் சொந்த வீட்டையும் இழக்கிற வரை இழுத்தடிப்பதே திட்டம் என்று, பெயர் சொல்லாத ஒரு நிர்வாகி சினிமாத் தொழில் ஏடு ஒன்றுக்குச் சொன்னதாக ஜூலையில் செய்தி வந்தது. கம்பெனிகளின் சங்கம் அப்படி யாரும் தங்களுக்காகப் பேசவில்லை என்றது. அதே ஜூலையில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் வெயில் கொளுத்துகிறது. யுனிவர்சல் ஸ்டூடியோ வாசலில் மறியல் செய்தவர்களுக்கு நிழல் தந்த மரங்கள் ஒரு நாள் மொட்டையாக நின்றன! வருஷா வருஷம் வெட்டுவதுதான் என்றது கம்பெனி. அனுமதி வாங்காமல் வெட்டியதற்கு நகர நிர்வாகம் அபராதம் போட்டது. எவ்வளவு? 250 டாலர்.

பிறகு செப்டம்பர் 20-ம் தேதி நாலு பெரிய கம்பெனித் தலைவர்கள் நேரில் வந்து உட்கார்ந்தார்கள். ஐந்தே நாளில் எழுத்தாளர் ஒப்பந்தம் உருவாயிற்று. அதன் மதிப்பு வருஷத்துக்குச் சுமார் 23 கோடி டாலர் என்று சங்கம் சொன்னது. உறுப்பினர்களில் 99 சதவிகிதம் பேர் ஏற்றார்கள். வேலை நிறுத்தம் நடந்தது 148 நாள். நடிகர்களுடையது 118 நாள், நவம்பர் 9-ல் முடிந்தது. ஐந்து நாளில் முடியக்கூடியதை ஐந்து மாதம் இழுத்தது யார்? மே மாதக் கொட்டகை காலியாகக் கிடந்ததற்கு யார் பொறுப்பாளி? ஒரே கோடையில் குறைந்த வசூல் சுமார் 42 கோடி. அதில் ஏறக்குறையப் பாதி கொட்டகைக்காரனுக்குப் போவது என்றாலும், அவர்கள் பேரம் பேசிய தொகைக்குப் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள்.

ஆனால் தோழர்களே, நமக்குச் சாதகமான கணக்கு என்பதற்காக அரைக் கணக்கோடு நின்றுவிடக்கூடாது. எல்லாம் இந்த இழுத்தடிப்பால்தான் என்று சொன்னால் அது உண்மையாகாது. 'ஃபியூரியோசா' வேலை நிறுத்தத்துக்கு முன்பே படமாக்கப்பட்டது, தேதிப்படி வந்தது, படுத்தது. ஆகஸ்டில் வந்த 'பார்டர்லேண்ட்ஸ்' 11 கோடிக்கு மேல் விழுங்கிவிட்டு முதல் மூன்று நாளில் ஒரு கோடி கூட எடுக்கவில்லை. மோசமான படம், அதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

வியாதி பழையது. 2002-ல் அந்த நாடுகளில் விற்ற டிக்கட் சுமார் 157 கோடி. கொரோனா வருவதற்கு முந்தின 2019-ல் சுமார் 123 கோடி. ஜனத்தொகை ஏறிற்று, டிக்கட் இறங்கிற்று. ஆனால் டிக்கட் விலையை ஏற்றிக்கொண்டே போனதால் டாலர் கணக்கில் மட்டும் 'புதிய சாதனை' என்று கொட்டி முழக்கினார்கள். அமெரிக்க மத்திய சர்க்கார் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு ஏழேகால் டாலர். 2009 ஜூலையில் வைத்தது, அதற்குப் பிறகு ஏற்றவே இல்லை. பல மாநிலங்களில் கூடுதல் உண்டு; இல்லாத மாநிலங்களும் பல. 2009-ல் டிக்கட்டின் சராசரி விலை ஏழரை டாலர். ஒரு மணி நேரக் கூலியோடு கால் டாலர் சேர்த்தால் ஒரு டிக்கட். 2022-ல் விலை பத்தரை டாலர். ஏழேகால் டாலர் வாங்குகிறவன் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் உழைக்க வேண்டும். புருஷன், பெண்டாட்டி, இரண்டு பிள்ளை போனால் ஆறு மணி நேர உழைப்பு வாசலிலேயே போயிற்று. உள்ளே சோளப் பொரி வாங்க வேண்டும்! அந்தப் பொரி சாமானியமல்ல. அமெரிக்காவின் மிகப் பெரிய கொட்டகைக் கம்பெனியான ஏ.எம்.சி.யின் 2023 வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தீனியில் வந்ததுதான்.

இப்படி வரும் குடும்பத்துக்கு முதலாளிகளே இன்னொரு பாடமும் கற்பித்தார்கள். முன்பு கொட்டகையில் வந்த படம் வீட்டுக்கு வர மூன்று மாதம் ஆகும். 2020 ஜூலையில் யுனிவர்சலும் ஏ.எம்.சி.யும் அதைப் பதினேழு நாளாகச் சுருக்க ஒப்பந்தம் போட்டன. 2024 மே 3-ல் 'டெட்பூல்' காலி செய்த இடத்தில் வந்தது யுனிவர்சலின் 'தி ஃபால் கை'. சினிமாவில் நாயகனுக்குப் பதிலாகக் கீழே விழுந்து அடிபடும் சண்டைக்காரனின் கதை. பார்த்தவர்கள் நல்ல படம் என்றார்கள். முதல் மூன்று நாளில் மூன்று கோடியைத் தொடவில்லை. இன்னும் நாலு வாரம் விட்டிருந்தால் வாய்வழியாகப் பேச்சுப் பரவி ஆள் வந்திருக்கலாம். பதினெட்டு நாள் கழித்து, மே 21-ல், வீட்டில் பார்க்க விற்பனைக்கு வந்துவிட்டது. இரண்டு வாரம் பொறுத்தால் வீட்டிலேயே குடும்பத்தோடு பார்க்கலாம் என்று தெரிந்த தொழிலாளி ஏன் ஓடி வருவான்?

கம்பெனிகள் ஒன்றையொன்று விழுங்குவதும் இதில் சேரும். 2019 மார்ச்சில் டிஸ்னி ஃபாக்ஸை விழுங்கிற்று. ஆறு பெரிய ஸ்டூடியோ ஐந்தாயிற்று. இரண்டு கடை ஒன்றானால் சரக்கு குறையும், ஊரறிந்த விஷயம்.

2025 கோடைக்குத் தள்ளி வைத்த படங்கள் எல்லாம் வந்தன. 'தண்டர்போல்ட்ஸ்' வந்தது, 'மிஷன் இம்பாசிபிள்' வந்தது. வேலை நிறுத்தம் இல்லை, மறியல் இல்லை. வசூல்? மறுபடியும் ஏறக்குறைய அதே 367 கோடி. முந்தின வருஷம் மறியல்காரனைக் காட்டிய விரல் இப்போது எங்கே காட்டுவது என்று தெரியாமல் நின்றது.

நஷ்டத்தைச் சுமந்தவர்களைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். 'இன்சைட் அவுட் 2' படத்தை உருவாக்கிய பிக்சார் ஸ்டூடியோவில், படம் வெளிவர மூன்று வாரம் இருக்கும்போது, சுமார் 175 பேரை வேலையை விட்டு நிறுத்தினார்கள். நூற்றுக்குப் பதினாலு பேர். படம் உலகம் முழுவதும் 169 கோடி டாலர் குவித்து, அதுவரை வந்த சித்திரப் படங்களில் எல்லாம் முதலிடம் பெற்றது. கொட்டகையில் டிக்கட் கிழிப்பவனும் பொரி பொரிப்பவளும் இருக்கிறார்களே, அவர்களுக்கு அமெரிக்க மத்திய சர்க்காரின் சட்டப்படி ஓவர்டைம் கிடையாது. வாரம் நாற்பது மணிக்கு மேல் உழைத்தால் ஒன்றரை மடங்கு கூலி என்ற விதியிலிருந்து சினிமாக் கொட்டகை ஊழியர்களைப் பெயர் சொல்லி விலக்கி வைத்திருக்கிறது அந்தச் சட்டம். 'டெட்பூல்' வந்த வாரம் கொட்டகை நிரம்பி வழிந்ததே, அன்றைக்கும் அவர்களுக்கு, மாநிலச் சட்டம் கை கொடுத்தால் ஒழிய, அதே கூலிதான்.