மழலையர் கல்வியில் இரு மொழிகள்

(யூபிலி விழாவையொட்டி விழிதியூரில் நடைபெற்ற பெற்றோர் - ஆசிரியர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



யூபிலி என்பது வந்த வழியைத் திரும்பிப் பார்த்து நன்றி சொல்லும் காலம். இனிப் போக வேண்டிய வழியைப் பற்றிச் சிந்திக்கும் காலமும் அதுவே. அந்த வழியில் நமக்குப் பின்னும் நடக்க இருப்பவர்கள் நம் குழந்தைகள். ஆகவே, 3 வயது முதல் 8 வயது வரையுள்ள நம் சிறு பிள்ளைகள் எந்த மொழியில், எப்படிப் படிக்க வேண்டும் என்பதைக் குறித்து இன்று உங்களோடு மனம்விட்டுப் பேச விரும்புகிறேன்.

இரு மொழி என்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 1739 இல் பிரெஞ்சுக்காரர் காரைக்காலில் காலூன்றினர். 1954 நவம்பர் 1 இல் ஆட்சிப் பொறுப்பு இந்தியாவிடம் வந்தது. 1962 ஆகஸ்டு 16 இல் சட்டப்படியான இணைப்பு நிறைவேறியது. அந்த நீண்ட காலத்தின் அடையாளமாக இன்றும் 'கொம்யூன் பஞ்சாயத்து' என்கிறோம். பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்றவரைச் 'சொல்தா' என்கிறோம். புதுச்சேரியில் 1826 இல் தோன்றிய பிரெஞ்சுப் பள்ளி இன்றும் 'லிசே' என்ற பெயரில் நடக்கிறது. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகள் பலர் அங்கே மழலை வகுப்பு முதலே பிரெஞ்சில் படிக்கிறார்கள்.

எனவே, இரண்டு மொழி கற்றால் பிள்ளையின் மூளை குழம்பிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆங்கிலம் வேண்டும் என்று நீங்கள் ஆசைப்படுவதிலும் தவறில்லை. கல்லூரிக்கும், நீதிமன்றத்துக்கும், வெளிநாட்டு வேலைக்கும் அது வேண்டியிருக்கிறது. தம் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளியில் சேர்த்துவிட்டு, ஏழையின் பிள்ளை மட்டும் தமிழில் படித்தால் போதும் என்று மேடையில் பேசுகிறவர்களோடு நான் சேர மாட்டேன். ஆங்கிலம் வரட்டும். ஆனால் எந்த வழியாக வருகிறது, எதை அப்புறப்படுத்திவிட்டு வருகிறது என்பதே கேள்வி.

இதை முறையாகச் செய்து பார்த்த ஓர் ஊரைப் பற்றிச் சொல்கிறேன். கனடா நாட்டில் மான்ட்ரியால் நகரை அடுத்து செயின்ட் லாம்பர்ட் என்ற ஊர் இருக்கிறது. அங்கே ஆங்கிலம் பேசும் பெற்றோர் சிலர், தங்கள் பிள்ளைகள் பிரெஞ்சை நன்றாகக் கற்க வேண்டும் என்று போராடி, 1965 இல் ஒரு மழலை வகுப்பைத் தொடங்கச் செய்தனர். ஆசிரியை பிரெஞ்சு மட்டுமே பேசினார். பிள்ளைகள் அந்த மொழியிலேயே அமிழ்ந்து கற்றனர். மக்கில் பல்கலைக்கழகப் பேராசிரியர் வாலஸ் லாம்பர்ட் அவர்களை ஆண்டுதோறும் சோதித்துப் பார்த்தார். பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு வந்தது, ஆங்கில வாசிப்பில் முதலில் சற்றுப் பின்தங்கினாலும் விரைவில் ஈடுகட்டிவிட்டனர், கணக்கிலும் குறைவில்லை.

இதைக் கேட்டவுடன், "பார்த்தீர்களா சாமி! எல்.கே.ஜி.யிலேயே முழுக்க ஆங்கிலம் போட்டால் சரிதானே?" என்று கேட்பீர்கள். சற்றுப் பொறுங்கள். அங்கே இருந்த மூன்று காரியங்களைக் கவனியுங்கள். முதலாவது, அந்தப் பிள்ளைகளின் தாய்மொழிக்கு எந்த ஆபத்தும் இல்லை. வீட்டிலும் கடைத்தெருவிலும் வானொலியிலும் அது மதிப்போடு இருந்தது. சில ஆண்டுகளில் அது பள்ளிப் பாடமாகவும் சேர்ந்தது. இரண்டாவது, ஆசிரியைக்குப் பிள்ளைகளின் மொழி புரியும். மழலை வகுப்பில் குழந்தை ஆங்கிலத்தில் கேட்கலாம். அவர் பிரெஞ்சில் பதில் சொல்வார். யாரும் அதட்டவில்லை. மூன்றாவது, அந்த ஆசிரியை பிரெஞ்சைத் தம் சொந்த மொழியாகப் பேசினார். தாய்மொழி இருக்க, அதன் மேல் இன்னொன்று சேர்ந்தால் அது கூட்டல். ஒன்று வர மற்றொன்று போனால் அது கழித்தல் என்று அந்தப் பேராசிரியரே பின்னாளில் பிரித்துக் காட்டினார்.

நம் நிலை என்ன? 2023-24 கல்வியாண்டில் புதுவை, காரைக்கால் அரசுப் பள்ளிகளின் மேல்வகுப்புகளும் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்திலிருந்து சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறத் தொடங்கின. தனியார் பள்ளிகளோ முன்பிருந்தே ஆங்கில வழி. தமிழில் படித்து, தமிழில் கற்பித்து வந்த ஆசிரியர்கள் பலரிடம் ஆங்கிலப் புத்தகத்தைக் கொடுத்து நடத்துங்கள் என்கிறோம். இது அவர்கள் குற்றமன்று. ஆனால் பலன் என்ன? பாடம் வாசிக்கப்படுகிறது, விடை கரும்பலகையில் எழுதப்படுகிறது, பிள்ளை மனப்பாடம் செய்கிறது. புரிந்ததா என்று கேட்க நேரமில்லை. மறுபக்கம், நம் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் 10 வயதுப் பிள்ளை தமிழ் வாசகத்தை எழுத்துக்கூட்டித் தடுமாறுகிறது. ஆங்கிலம் முழுதாக வரவில்லை, தமிழும் கைநழுவுகிறது. நீந்தக் கற்பிப்பது வேறு, ஆற்றில் தள்ளிவிடுவது வேறு.

ஓர் உதாரணம். நம் ஊர்ப் பிள்ளைக்கு நாற்று தெரியும், நெல் தெரியும், அரிசி தெரியும், சோறு தெரியும். அரிசிக்கும் சோற்றுக்கும், ஏன், வயலில் நிற்கும் பயிருக்கும் 'ரைஸ்' என்ற ஒரே சொல்லை ஆங்கிலம் வைத்திருக்கிறது. இரு மொழியும் அறிந்த ஆசிரியை, பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்ததிலிருந்து தொடங்கி, அந்தப் புதுச் சொல் எங்கெங்கே பொருந்தும் என்று அரை மணி நேரத்தில் விளங்கவைப்பார். அறியாதவரிடம் அது வெறும் எழுத்துக்கூட்டாக முடியும்.

வீரமாமுனிவரை நினைத்துப் பாருங்கள். இத்தாலியிலிருந்து வந்து தமிழில் கரைகண்டவர். தம்மைப் போல் வரும் குருக்களுக்குப் பேச்சுத் தமிழைக் கற்பிக்க, அவர்கள் அறிந்த இலத்தீன் மொழியில் அல்லவா இலக்கணம் எழுதினார்! 1738 இல், இதோ அருகிலுள்ள தரங்கம்பாடியில், லுத்தரன் சபையாரின் அச்சுக்கூடத்தில் அது அச்சேறியது. படித்துத் தேர்ந்த பெரியவர்களுக்கே தெரிந்த மொழியின் துணை வேண்டியிருந்தது. 3 வயதுக் குழந்தைக்கு மட்டும் வேண்டாமா?

2020 ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும், இயன்றவரை 5 ஆம் வகுப்பு வரையிலாவது வீட்டு மொழியில் கற்பிக்க வேண்டும் என்றும், பள்ளியின் மொழி வேறாக இருந்தால் ஆசிரியர் இரு மொழியையும் கையாள வேண்டும் என்றும் கூறுகிறது.

ஆசிரியப் பெருமக்களே! கருத்தை முதலில் தமிழில் புரியவையுங்கள். பிறகு அதற்கு ஆங்கிலப் பெயர் சூட்டுங்கள். ஆங்கிலப் பாட்டுக்கும் கதைக்கும் விளையாட்டுக்கும் தனி நேரம் ஒதுக்கி, அப்போது எளிய ஆங்கிலத்திலேயே பேசுங்கள். சில பிள்ளைகள் மாதக்கணக்கில் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருக்கும், அதுவும் கற்றல்தான். அமெரிக்காவின் மயாமி நகரில் கோரல் வே என்ற பள்ளி 1963 இல், கியூபாவிலிருந்து வந்த அகதிப் பிள்ளைகளையும் உள்ளூர்ப் பிள்ளைகளையும் சேர்த்து, பாதி நேரம் ஸ்பானிஷ், பாதி நேரம் ஆங்கிலம் என்று கற்பித்தது. இரு மொழி ஆசிரியர்களும் கலந்து பேசிப் பாடம் வகுத்தனர். ஆங்கிலம் நன்கு வரும் ஒருவரும் தமிழ் நன்கு வரும் ஒருவரும் நம் பள்ளிகளிலும் அப்படிக் கைகோக்கலாம். பள்ளி நிர்வாகத்தினர் அதற்கான நேரத்தையும் பயிற்சியையும் தர வேண்டும். தமிழ் பேசியதற்காக எந்தக் குழந்தையும் தண்டிக்கப்படலாகாது.

பெற்றோர்களே! உங்களுக்கு வராத ஆங்கிலத்தைப் பிள்ளையிடம் பேச முயன்று வீட்டுப் பேச்சைக் குறைத்துவிடாதீர்கள். இரவில் 10 நிமிடம் தமிழில் கதை சொல்லுங்கள். 'இன்று என்ன படித்தாய்? தமிழில் சொல், கேட்போம்' என்று கேளுங்கள். சொல்ல முடிந்தால் பாடம் புரிந்திருக்கிறது. முடியாவிட்டால் மறுநாள் ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் இந்தச் சோதனையை நடத்தலாம். பாட்டியின் பேச்சும் பள்ளிக்கு உதவும் பாடமே.

யூபிலியின் நினைவாகக் கல்வெட்டு வைக்க வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். வைப்போம். அதை வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளும் வேண்டுமல்லவா? ஆகவே பங்கு அலுவலகத்தின் முன்னறையில் வாரம் இருமுறை, மாலையில், தமிழ்க் கதைப் புத்தகங்களும் ஆங்கிலக் கதைப் புத்தகங்களும் வைத்து ஒரு வாசிப்பு வகுப்பு நடத்துவோம். சாதி மத வேறுபாடின்றி ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் வரலாம். கல்லூரியில் படிக்கும் நம் இளைஞர்களும், ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுத்துச் செல்லுங்கள்.

நம் பிள்ளைகளுக்கு இரு மொழிகளும் வாய்க்க, இறைவன் உங்கள் இல்லங்களையும் பள்ளிகளையும் ஆசீர்வதிப்பாராக.