கொன்றது வேதமா? வெறியா?

('வெறியே!' என்ற அணியில் பேசியது)



எதிரணித் தலைவர் மத்தியானம் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா கால் கிலோ சாப்பிட்டதை என் கண்ணாலே பார்த்தேன். அதுக்கப்புறமும் எப்படிங்க இவ்வளவு கசப்பாப் பேசறாரு? (சிரிப்பு)

என்ன சொன்னாரு? "மதத்துக்கு மாறாப் பேசறவனைக் கொல்லச் சொல்லி பைபிள்லேயே இருக்கு, உபாகமம் பதிமூணாம் அதிகாரத்தைப் புரட்டிப் பாருங்க"ன்னாரு. பார்த்தேன். இருக்கு. நான் மறைக்கலை. வேற தெய்வத்தைக் கும்பிடக் கூப்பிடறவன் கூடப் பிறந்தவனா இருந்தாலும் விடாதேன்னு இருக்கு. அது பழைய இஸ்ரவேல் மக்களுக்கு மோசே வழியா வந்த சட்டம். கிறிஸ்தவர்கள் யாரைப் பார்த்து நடக்கணும்? இயேசுவைப் பார்த்துத்தானே?

அவர் என்ன செஞ்சாரு? அதே மோசே சட்டத்தைக் காட்டி ஒரு பெண்ணைக் கல்லெறிஞ்சு கொல்ல இழுத்துட்டு வந்தாங்க. பாவமே செய்யாதவன் முதல்ல எறியட்டும்னாரு. ஒரு கை எழும்பலை! சமாரியாவிலே ஒரு கிராமம் அவருக்கு இடம் கொடுக்கலை. வானத்து நெருப்பை வரவழைச்சு எரிச்சுடலாமான்னு சீடர்கள் ரெண்டு பேர் கேட்டாங்க. ஊரைத் திட்டலை அவர், சீடர்களைத்தான் அதட்டினாரு.

ஒரு கதையும் சொன்னாரு. கோதுமை வயல்லே ராத்திரியோட ராத்திரியா எதிரி களையை விதைச்சுட்டான். பிடுங்கட்டுமான்னு வேலைக்காரங்க கேட்டாங்க. வேண்டாம், பயிரும் சேர்ந்து வந்துடும், அறுப்பு வரைக்கும் ரெண்டும் வளரட்டும்னாரு முதலாளி. இங்கே நெல் போடற விவசாயிகள் உட்கார்ந்திருக்கீங்க. நெல் மாதிரியே நிக்கிற களைப்புல்லை இளம் பயிர்லே அடையாளம் கண்டுபிடிக்கிறது என்ன பாடுன்னு உங்களுக்குத் தெரியும். வயல்லேயே அப்படின்னா, மனுஷன் மனசிலே?

"பதிமூன்றாம் நூற்றாண்டிலே தாமஸ் அக்வினாஸ் என்ற பெரிய அறிஞரே, கள்ளக்காசு அடிக்கிறவனுக்கு மரண தண்டனைன்னா விசுவாசத்தைக் கெடுக்கிறவனுக்கு ஏன் கூடாதுன்னு எழுதியிருக்காரே"ன்னு நண்பர் கேட்டாரு. ஐயா, காசை உரசிப் பார்க்கக் கல் இருக்கு. மனசை உரசிப் பார்க்கிற கல்லை எந்தக் கடையிலே விக்கிறான்? (கைதட்டல்)

இது எங்கேயோ ஐரோப்பாவிலே நடந்த விவகாரம்னு நினைக்காதீங்க. நம்ம கோவாவிலே 1560லே போர்த்துகீசியர் சமய விசாரணை மன்றம் வச்சாங்க. நடுவிலே சில வருஷம் நீங்கலா 1812 வரைக்கும் நடந்தது. அங்கே கார்சியா த ஓர்தா என்று ஒரு வைத்தியர். யூத வம்சத்திலே வந்த கிறிஸ்தவர். நம்ம நாட்டு மூலிகைகளைப் பற்றி 1563லே கோவாவிலேயே புத்தகம் அச்சிட்டவர். 1568லே காலமானாரு. மறு வருஷம், ரகசியமா யூத மதத்தைக் கடைப்பிடிச்சாங்கன்னு அவர் சகோதரி கத்தரீனாவை எரிச்சுக் கொன்னாங்க. 1580லே இவரோட எலும்பைத் தோண்டி எடுத்து எரிச்சாங்க! செத்துப் பன்னிரண்டு வருஷம் ஆன எலும்பு எந்த வேதத்தைப் புரட்டிப் பேசப் போகுது? இதுக்கு எந்த அதிகாரத்திலே வசனம் இருக்கு?

'அவங்க மதம்தானே'ன்னு நாம சிரிச்சுட்டுப் போக முடியாது. மதுரையிலே வாதத்திலே தோத்த எண்ணாயிரம் சமணரைக் கழுவிலே ஏத்தினதா நம்ம பக்கமும் கதை இருக்கு. நடந்ததா இல்லையான்னு அறிஞர்கள் இன்னும் வாதாடறாங்க. ஆனா, அதே மதுரையிலே பாண்டியன் சபையிலே இன்னொரு வாதம் நடந்ததாகவும் சொல்லுவாங்க. அதிலே ஜெயிச்சவர் இதோ, பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெரியாழ்வார். அவருக்குக் கிடைச்சது பொற்கிழி. அந்தக் கதையிலே கழுமரம் கிடையாது. எந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லப் போறோம்ங்கிறது நம்ம கையிலே இருக்கு. (கைதட்டல்)

கடைசியா ஒண்ணு. 2000ஆம் ஆண்டு மார்ச் மாசம் ரோமாபுரியிலே போப் இரண்டாம் ஜான் பால், சத்தியத்துக்காகன்னு சொல்லித் திருச்சபை மக்கள் செஞ்ச கொடுமைகளுக்கெல்லாம் கடவுள்கிட்டே மன்னிப்புக் கேட்டாரு. வேதம் சொன்னபடிதான் கொன்னாங்கன்னா, மன்னிப்பு எதுக்குங்க?

ராஜபாளையம் நாய் காவலுக்குப் பேர் போனது. ஆனா தோட்டத்துக்கு வந்த விருந்தாளியை அது கடிச்சா, தோட்டக்காரருக்கா நல்ல பேரு? கடவுளுக்குக் காவல்னு கிளம்பினவங்க கடவுளுக்கு வாங்கித் தந்த பேரு அதுதான். கொன்றது வேதம் இல்லை, வெறியேன்னு தீர்ப்புச் சொல்லுங்க, நடுவர் அவர்களே!